கரி அடுப்பில் கோழி: தொடைக்கறியா, நெஞ்சுக்கறியா?

வெயில் காலத்தில் வெளியே அடுப்பு மூட்டிப் பலருக்குச் சுடுவதென்றால், எலும்பில்லாத தொடைக்கறியைத்தான் நம்பலாம். கோழியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும். தொடையில் கொழுப்பும் சவ்வும் அதிகம். 80 தாண்டினாலும் சவ்வு இளகி இன்னும் மெத்தென்று ஆகும். பேச்சு மும்முரத்தில் சில நிமிடம் மறந்தாலும் கெடாது. ஆனால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்து, தீ எழும்பினால் துண்டுகளை மறுபக்கம் நகர்த்துங்கள்.

நெஞ்சுக்கறி 74-ஐத் தாண்டியதுமே வறளத் தொடங்கும். ஒரு முனை தடிமன், மறுமுனை மெல்லிசு என்பதால் சீராகவும் வேகாது. அதுதான் வேண்டுமென்றால் பக்கவாட்டில் பிளந்து, 1.5 செ.மீ. கனத்துக்குத் தட்டி, கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சைச் சாற்றில் இரவெல்லாம் ஊறவைக்கவே கூடாது. மேல்பக்கம் மாவுபோல் ஆகிவிடும்.