டிரெய்லரில் அடுக்குப் படுக்கையா, மேசைப் படுக்கையா? பெரியவர்களை எங்கே படுக்க வைப்பது?

டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் சின்னதாக ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. வரும் கோடையில் அக்காவும் அத்தானும் கும்பகோணத்திலிருந்து அங்கே போகிறார்கள். மகன், மருமகளோடு சேர்த்து நாலு பேர் அதில் ஊர் சுற்ற வேண்டும். இரண்டு வண்டிகளின் படத்தை அனுப்பி, "மாமா, எது சரிவரும்?" என்று கேட்டிருக்கிறான்.

இரண்டிலும் முன்பக்கம் இருவர் படுக்கும் கட்டில் உண்டு. ஒன்றில் பின்மூலையில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குப் படுக்கை. மற்றதில் அது கிடையாது. சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி, உட்காரும் மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் அதுவே இரண்டாவது படுக்கை.

அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. "உழவன் எக்ஸ்பிரஸ்ல அப்பர் பெர்த்ல போகாத ஆளா நான்?" என்கிறார். சரி, ஆனால் உழவனில் ஒரு ராத்திரிதான்; விடிந்தால் எழும்பூர். இங்கே வரிசையாகப் பல ராத்திரி. ரயில்வேயே 60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும், இடம் இருந்தால் லோயர் பெர்த்தைத்தான் ஒதுக்குகிறது.

அளவைப் பார்ப்போம். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் அடுக்குப் படுக்கை பெரும்பாலும் 28 முதல் 30 அங்குல அகலம், ஆறடியும் கொஞ்சமும் நீளம். ரயில் பெர்த்தைவிடத் தாராளம்தான். இடிப்பது உயரம். கீழ்ப் படுக்கைக்கும் மேல் படுக்கைக்கும் நடுவே இரண்டரை அடி இருந்தால் அதிகம்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையும் 30 அங்குல உயரம்தான். அதன் அடியில் மெல்லிய மெத்தையைப் போட்டு அத்தானைப் படுக்கச் சொன்னேன். மல்லாந்து படுத்து, "சொகமாத்தான் இருக்கு" என்றார். புரண்டு படுத்ததிலும் குறையில்லை. "தண்ணி வேணும்னா எழுந்திரிங்க" என்றாள் அக்கா. எழுந்தார், மேசைமேல் இருந்த டம்ளர் குலுங்கியது. அப்புறம் பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தரையில் படுத்திருந்ததால் இவ்வளவோடு போயிற்று. மேல் அடுக்கிலிருந்து இதே வேலையை இருட்டில் ஏணி தேடிச் செய்ய வேண்டும்.

மேல் அடுக்குக்கு வேறு தொல்லைகளும் உண்டு. கூரையை ஒட்டி இருப்பதால் சூடு அங்கேதான் தங்கும். ஏசிக் காற்று அந்த மூலைக்குச் சரியாகப் போகாது. டெக்சாஸ் ஜூலை நம்ம கத்திரிக்குச் சளைத்ததில்லை. குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால், மூச்சின் ஈரம் சுவரில் வேர்த்து மெத்தையின் அடியில் இறங்கும். எடைக்கும் வரம்பு இருக்கிறது. பல வண்டிகளில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. சிலவற்றில் அதைவிட நன்றாகக் குறைவு. குழந்தைகளை மனதில் வைத்துச் செய்த பலகைகளும் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேசைப் படுக்கையில் தலை இடிக்காது, அகலமும் அதிகம். படத்தில் அழகாகவும் இருக்கிறது. ஆனால் நாலைந்து துண்டு மெத்தைகளைச் சேர்த்துப் பரப்புவதால் இடுக்கு சரியாக இடுப்புக்கு நேரே வரும். உள்பக்கம் படுத்தவர் எழுந்தால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அக்கா நாலரைக்கு எழுந்து காபி போடுகிறவள். அந்த நேரத்தில் உட்கார இருக்கிற ஒரே இடத்தில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஒருவருக்குத் தூக்கம் வந்தால் எல்லோரும் எழுந்து தட்டை எடுத்துவிட்டு மேசையை மடக்க வேண்டும். நாலு நாள் போனால் யாராவது ஒருவர் முகம் தூக்கிக்கொள்வார்.

ஆக, என் ஓட்டு அடுக்குப் படுக்கை வண்டிக்கு. ஒரே நிபந்தனை: முன்பக்கக் கட்டில் பெரியவர்களுக்கு, அடுக்கு மகனுக்கும் மருமகளுக்கும். அவன் மேலே, அவள் கீழே. அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள்; "சின்னஞ்சிறுசுகளை மூலையில தள்ளிட்டு நாங்க கட்டில்லயா?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். முப்பது தாண்டிய முதுகுக்கு ஒரு வாரம் ஒன்றும் ஆகாது. மேசையும் மேசையாகவே இருக்கும்.

ஒன்றே ஒன்றை நேரில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சின்ன வண்டிகளில் அந்த முன்பக்கக் கட்டிலைச் சில சமயம் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். அப்படியானால் ராத்திரி பாத்ரூமுக்கு அத்தான் அக்காவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் இறங்க வழி இல்லையென்றால் அந்த வண்டியே வேண்டாம், அடுத்த கடையைப் பார்க்கட்டும்.