ராஃப்ட் ஃப்ரேம் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

அமெரிக்காவின் ஒரிகானில் இருந்துகொண்டு சின்ன காற்றுப் படகுக்கு (ராஃப்ட்) ஃப்ரேம், அதாவது மேலே கட்டித் துடுப்பு மாட்டும் சட்டம், தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். "10 அடி ராஃப்ட்டுக்கு அலுமினிய ஃப்ரேம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து 480 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்தது அலுமினியம் இல்லை. கட்டடங்களில் மின்கம்பி கொண்டுபோகும் மெல்லிய இரும்புக் குழாய்க்குச் சாம்பல் பெயின்ட் அடித்துத் தந்திருக்கிறார் விற்றவர்.

காற்று டியூபில் நேரடியாகத் துடுப்பை ஊன்றி வலித்தால் டியூப் நெளியும், பாதி பலம் வீணாகும். ஃப்ரேம் அந்த விசையைப் படகு முழுக்கப் பரப்புகிறது. நடுவில் உட்கார்ந்து ஒரே ஆள் படகைத் திருப்பலாம், ஐஸ் பெட்டியையும் அடித்தளத்தில் படாமல் தொங்கவிடலாம். கீழ் டெஷூட்ஸ் ஆற்றில் படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது, இறங்கி நின்றுதான் போட வேண்டும். அதனால் நினைத்த இடத்தில் கரை ஒதுங்கத் துடுப்பு சொன்னபடி கேட்க வேண்டும். நான் ஃப்ரேம் வாங்கியதே அதற்காகத்தான்.

வார்ம் ஸ்பிரிங்ஸிலிருந்து ட்ரவுட் கிரீக் வரை அந்த ஆறு பெரும்பாலும் சாதுவாகத்தான் ஓடும். அங்கேயே ஓர்லாக் (துடுப்பைத் தாங்கும் கொக்கி) ஆட ஆரம்பித்துவிட்டது. திருகு அழுத்திய இடத்தில் மெல்லிய குழாய் உள்ளே குழிந்து, பிடி விட்டுப் போயிருந்தது. கரைக்கு வந்து ஃப்ரேமைத் தூக்கினால் இன்னும் மோசம்: வெட்டாமல் விட்ட போல்ட் முனைகள் கீழே நீட்டிக்கொண்டு, டியூபின் பிவிசியைத் துணி தெரியும் அளவுக்குத் தேய்த்திருந்தன. கூட வந்த நண்பருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்தான், ஆனாலும் ஆற்று நடுவில் அந்த டியூப் கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

விற்றவரைக் கேட்டேன். "நீங்கள் காற்றைக் குறைவாக அடித்திருப்பீர்கள், ஃப்ரேமைக் கட்டும் ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும்" என்றார். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் டியூபில் அழுத்தம் குறையும், ஸ்ட்ராப் தளரும் என்பது உண்மைதான். இறக்கிய பிறகு இன்னொரு முறை பம்ப் அடித்து இறுக்கித்தான் கிளம்பினோம். அப்புறம், போல்ட் முனை நீட்டிக்கொண்டு நிற்பதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

தூக்கிப் பார்த்து இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஃப்ரேமுக்குப் பரவலாகப் பயன்படுத்துவது ஒன்றரை அங்குல, ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் அளவு) அலுமினியக் குழாய். சுவர்த் தடிமன் சுமார் 3.7 மில்லிமீட்டர். மின்கம்பிக் குழாயில் அது 1.65 மில்லிமீட்டர்தான். ஆனால் இரும்பு கனமானது என்பதால் எடை இரண்டிலும் பெரிதாக வித்தியாசப்படாது. காந்தம் வைத்தால் ஒரு நொடியில் தெரியும், அலுமினியத்தில் ஒட்டாது. இணைப்புகளில் வைக்காதீர்கள், அவை வேறு உலோகமாக இருக்கலாம்; குழாயில் வையுங்கள். இரும்புக் குழாயில் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. அசையாத ஏரித் தண்ணீருக்கு, இரும்பு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நியாயமான பொருள்.

முடிந்தால் படகைக் கொண்டுபோய், முழுக்கக் காற்றடித்து, ஃப்ரேமை மேலே வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இரண்டு பக்கமும் டியூபின் நடு உச்சியில் உட்கார வேண்டும். எனக்கு வந்தது அகலம் கூடுதல். டியூபின் வெளிச்சரிவில் நின்றது, ஸ்ட்ராப்கள் டி-ரிங்குக்கு (படகில் ஒட்டியிருக்கும் D வடிவ வளையம்) கோணலாக ஓடின.

பத்தடிப் படகுக்கு ஃப்ரேம் கட்டாயமும் இல்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு கைத்துடுப்போடு முன்னும் பின்னும் உட்கார்ந்தால் லேசான ஆற்றுக்குப் போதும். சாமான் பைகளைப் படகின் குறுக்கே இருக்கும் காற்றுத் தலையணையோடும் டி-ரிங்கோடும் சேர்த்து, தாழ்வாகக் கட்டிவிடலாம். தனியாக வலிக்கத்தான் வேண்டும் என்றால் மரச்சட்டம் இருக்கிறது. அலுமினியம் பரவுவதற்கு முன் பலரும் பலகையில்தான் செய்தார்கள். போல்ட் தலையை மரத்துக்குள் புதைத்து, அடியில் தடித்த ஃபோம் ஒட்டினால் டியூப் தேயாது. நான் இப்போது மரத்தில்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பணம் திரும்பி வரவில்லை. அதே படம் இன்றும் வேறு பெயரில் விளம்பரத்தில் இருக்கிறது: சாம்பல் பெயின்ட், நான்கு குறுக்குக் குழாய்கள், முனைகளில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடி குழாயின் தடிமனை மறைக்கிறது. கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; ஒட்டிவிட்டேன், வராது என்று சொன்னால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.