மொராக்கோ பயணம்: எந்த ஆப் எங்கே கைகொடுக்கும்?

மொராக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது மேப் ஆப்பைத்தான். டாக்சி, ரயில் எல்லாம் அப்புறம்.

ஃபெஸ் நகரின் மதீனாவை, அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கார் நுழையாத பகுதி, ஆயிரக்கணக்கில் சந்துகள். எதிரே சுமையோடு கோவேறு கழுதை வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். இருபுறமும் உயரமான சுவர்கள் என்பதால் ஜிபிஎஸ் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். இதில் எல்லா மேப்பும் ஒன்றுதான். நெட் இல்லாதபோதுதான் வித்தியாசம் தெரியும்.

கூகுள் மேப்ஸில் ஏரியாவை டவுன்லோட் செய்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஆஃப்லைனில் அது கார் வழியை மட்டும்தான் காட்டும், நடைவழியைக் காட்டாது. மதீனாவுக்குள் அதனால் பயனே இல்லை. ஆர்கானிக் மேப்ஸ் நெட் இல்லாமலே சந்து சந்தாக நடக்க வழி சொல்லும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் இயங்குவது, விளம்பரமும் கிடையாது. பாப் பூ ஜெலூத் வாசலிலிருந்து தலா கெபீரா தெருவின் இறக்கத்தில் உற்சாகமாக இறங்கிவிடலாம், திரும்பி ஏறுவதுதான் சிரமம். அந்த ஏற்ற இறக்கத்தையும் இதில் முன்கூட்டியே பார்க்கலாம். தங்கும் ரியாத்தின் (நடுமுற்றம் உள்ள பழைய வீட்டு விடுதி) வாசலை முதல் நாளே இதில் குறித்து வையுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கடை விமர்சனம், காசாபிளாங்கா டிராஃபிக் இரண்டுக்கும் கூகுளை விட்டால் வழியில்லை. இரண்டும் போனில் இருக்கட்டும். மதீனாவுக்குள் ஆர்கானிக் மேப்ஸ்தான் என் தேர்வு.

டாக்சியில் போட்டி வேறு மாதிரி. இன்டிரைவ் என்ற டாக்சி ஆப்பில் நீங்கள் ஒரு தொகை சொல்வீர்கள், டிரைவர்கள் பதில் தொகை சொல்வார்கள். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு வசதி. ஆனால் சொந்தக் காரை ஆப்பில் ஓட்டுவதற்கு அங்கே சட்டம் தெளிவாக இல்லை, டாக்சிக்காரர்களின் எதிர்ப்பும் கடுமை. தெருவில் ஓடும் பெத்தி டாக்சிக்கு (ஊருக்குள் ஓடும் சிறிய டாக்சி) உரிமம் உண்டு, மூன்று பேர் ஏறலாம், ஊர் எல்லையைத் தாண்டாது. ஏறும்போதே "கோந்த்தர்" என்று மீட்டரைக் கேளுங்கள், போட மறுத்தால் அடுத்த வண்டி. இரவில் 50 சதவீதம் கூடுதல் என்பது முறையான கட்டணம்தான், ஏமாற்று அல்ல. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மீட்டர் டாக்சியையே சொல்வேன்.

ரயிலுக்கு மொராக்கோ அரசு ரயில் நிறுவனமான ஓஎன்சிஎஃப்பின் ஆப். டான்ஜியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு 2018-ல் ஓடத் தொடங்கிய அல் போராக் அதிவேக ரயிலுக்கும் இதிலேயே டிக்கெட் எடுக்கலாம். ஷெஃப்ஷாவன் ஊருக்கு ரயிலே கிடையாது, அதற்கு சிடிஎம் என்ற பஸ் நிறுவனத்தின் ஆப் வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு கூகுள் டிரான்ஸ்லேட் போதும். பிரெஞ்சு, அரபி, தமிழ் மூன்றையும் ஊரிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். தெருவில் பேசும் மொராக்கோ அரபியான தாரிஜா, பாடப்புத்தக அரபியிலிருந்து நிறையவே விலகியது. அதனால் கடைக்காரரிடம் போனை நீட்டும்போது பிரெஞ்சில் வைத்து நீட்டுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.