சூப்பர்ஹீரோ 'ஈவென்ட்' காமிக்ஸ்: பல வருடம் பின்தொடர்ந்த அனுபவம்

அமெரிக்க காமிக்ஸ் கம்பெனிகளான மார்வெல், டிசி இரண்டுமே ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு 'ஈவென்ட்' இறக்குகின்றன. எல்லா ஹீரோக்களும் ஒரே கதையில் மோதுவார்கள். இதற்கப்புறம் எதுவும் பழையபடி இருக்காது என்று விளம்பரம் அடித்துச் சொல்லும். 2006-இல் சிவில் வார் வந்ததிலிருந்து இவற்றை விடாமல் படித்து வருகிறேன். திரும்ப எடுத்துப் படிக்கத் தோன்றுபவை மிகச் சில.

வியாபாரம் என்பதால் குறை சொல்லவில்லை. 1984-இல் வந்த முதல் சீக்ரெட் வார்ஸே மேட்டல் பொம்மைகளை விற்பதற்காகப் பிறந்ததுதான். அடுத்த வருடம் டிசி வெளியிட்ட 12 இதழ் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் சொன்னதைச் செய்தது. டிசி கதைகளில் இணையாக இருந்த பல பூமிகளை ஒன்றாக்கியது, ஃப்ளாஷ் ஆக இருந்த பேரி ஆலனைக் கொன்றது. மனிதர் இருபது வருடத்துக்கு மேல் திரும்பி வரவில்லை. ஆனால் பின்னால் வந்த வியாதியும் அதிலேயே தொடங்கிவிட்டது. கதைக்குத் துளியும் சம்பந்தமில்லாத சில மாத இதழ்களில் வானம் மட்டும் சிவப்பாக இருக்கும், அட்டையில் கிரைசிஸ் என்று முத்திரை இருக்கும். இப்படிப் பெயருக்கு ஒட்டவைத்த இதழை இன்றும் ரசிகர்கள் 'ரெட் ஸ்கை' என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

சிவில் வாருக்கு வருவோம். சூப்பர்ஹீரோக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம். அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு. அருமையான கரு. மார்க் மில்லர் எழுத்து, ஸ்டீவ் மெக்னிவன் ஓவியம், 7 இதழ். இரண்டாம் இதழில் ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றும் பக்கத்தில் எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் எழுத்தாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒரு புத்தகத்தில் அது வெறும் லைசென்ஸ். இன்னொன்றில் கட்டாய ஆள்சேர்ப்பு. எதற்காகச் சண்டை என்பதே புத்தகத்துக்குப் புத்தகம் மாறினால் வாசகன் எந்தப் பக்கம் நிற்பது? கடைசி இதழில் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் பாய்ந்து கேப்டனைப் பிடிக்கிறார்கள். அவர் சுற்றியிருக்கும் சேதத்தைப் பார்க்கிறார், சரணடைகிறார். வாதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை, சண்டைதான் நின்றது. ஃப்ரன்ட் லைன் என்ற பக்கத் தொடரில் இன்னும் மோசம். ஒரு பத்திரிகையாளர் சிறையில் இருக்கும் கேப்டனிடம் போய், உனக்கு மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தெரியுமா, நாஸ்கார் கார் பந்தயம் எப்போது பார்த்தாய் என்று கேட்டு மடக்குகிறார். அவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்! இன்று மைஸ்பேஸை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஸ்பைடர்மேன் முகமூடி விஷயம் அடுத்த வருடமே போயிற்று. மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு ஒரு ஒப்பந்தம். அவருடைய கல்யாணமும் காலி, ரகசியமும் பத்திரம்.

சாவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007-இல் செத்த கேப்டன் 2009-இல் திரும்பத் தொடங்கினார். ஃபியர் இட்செல்ஃப் என்ற ஈவென்டின் மூன்றாம் இதழில் செத்த, கேப்டனின் பழைய கூட்டாளி பக்கி, அதே கதையின் 7.1 என்ற ஒட்டு இதழில் உயிரோடு இருந்தார். கருமாதி முடிவதற்குள் ஆள் எழுந்து வந்துவிடுகிறார். அதுகூடப் பழகிவிட்டது.

பழகாதது இதுதான்: எந்த ஈவென்டும் தன் கதையைத் தானே முடிப்பதில்லை. சீக்ரெட் இன்வேஷன் எட்டு இதழும், உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளான ஸ்க்ரல்கள் யார் யார் உருவில் ஒளிந்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் ஓடியது. கடைசியில் ஸ்பைடர்மேனின் பழைய வில்லன் நார்மன் ஆஸ்போர்ன் ஸ்க்ரல் ராணியைச் சுடுகிறான், அதிகாரம் அவன் கைக்குப் போகிறது, வில்லன்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள், தொடரும். எட்டு மாதம் காத்திருந்தவனுக்குக் கிடைத்தது அடுத்த கதையான டார்க் ரெய்னின் ட்ரெய்லர்.

நல்ல கதைக்கும் இந்தக் கதி உண்டு. எழுத்தாளர் ஜோனதன் ஹிக்மன் 2012-இலிருந்து அவெஞ்சர்ஸ், நியூ அவெஞ்சர்ஸ் என்ற இரண்டு தொடர்களிலும் பொறுமையாகக் கட்டிக்கொண்டு வந்தது 2015 சீக்ரெட் வார்ஸில் வெடித்தது. எசாட் ரிபிச் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 8 இதழ் என்றார்கள், 9 ஆயிற்று, தாமதமும் சேர்ந்துகொண்டது. ஒன்பதாவது வந்தது 2016 ஜனவரியில்தான். வில்லன் டாக்டர் டூமின் சிதைந்த முகம் குணமாவது அதன் முக்கியமான தருணம். ஆனால் அக்டோபரிலேயே தொடங்கிவிட்ட புதிய இன்வின்சிபிள் அயர்ன்மேன் முதல் இதழில், டூம் தழும்பே இல்லாத முகத்தோடு வந்து நிற்கிறார்! வேறு யாரும் ஸ்பாய்லர் போட வேண்டிய அவசியமே இல்லை, கம்பெனியே போட்டுவிட்டது.

இப்போது ஈவென்ட் ஓடும்போது வாங்குவதில்லை. முழுத் தொகுப்பு வந்தபின் முதல் இதழையும் கடைசி இதழையும் புரட்டுவேன். கடைசி இதழ் அடுத்த தலைப்பை அறிவித்து முடிந்தால் வைத்துவிடுவேன். நான் ரசித்துப் படிக்கும் மாதத் தொடர் நடுவில் டை-இன், அதாவது ஈவென்டோடு ஒட்டவைத்த இதழ்கள், வந்தால் அந்த இரண்டு மூன்று இதழைத் தாண்டிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் குறைவதில்லை.

புதிதாக வருபவர்கள் கேட்டால் அனைஹிலேஷனைச் சொல்வேன். சிவில் வார் வந்த அதே 2006-இல், அதே மார்வெலில் வந்தது. நோவா, ரோனன் என்று அப்போது பெரிய மார்க்கெட் இல்லாத ஆட்களை வைத்து கீத் கிஃபன் நடத்திய விண்வெளிப் போர். இவர்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் யாருக்கு என்ன ஆகும் என்று கடைசிவரை சொல்ல முடியாது. பூமியில் நடக்கும் சிவில் வார் சண்டையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. முன்கதை இதழில் தொடங்குங்கள், அப்புறம் நோவாவின் நான்கு இதழ். சில்வர் சர்ஃபர் பகுதி கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஸ்க்ரல் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.