பேலன்ஸ் பேட்: காது நரம்புக் கட்டி ஆபரேஷன் ஆகிப் பல வருடம் கழித்துத் தள்ளாடுபவர்கள் வாங்கலாமா?

நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 41, உயரம் 6. கையில் தூக்கினால் ஒரு கிலோகூட இருக்காது. ஏர்எக்ஸ் என்ற சுவிட்சர்லாந்து கம்பெனியின் பேலன்ஸ் பேட் இது. பிசியோதெரபி அறைகளில் நீலநிற ஃபோம் பலகைபோலத் தரையில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே அளவில் மலிவான பேட்களும் இப்போது ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. கணுக்கால் சுளுக்கிய விளையாட்டு வீரர்களை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறார்கள். இந்த விமர்சனம் வேறொருவருக்கானது. அக்கூஸ்டிக் நியூரோமா, அதாவது காது நரம்புக் கட்டி, ஆபரேஷன் பதினைந்து, இருபது வருடத்துக்கு முன்பே முடிந்து, நன்றாக நடமாடிக்கொண்டிருந்து, அறுபதைத் தாண்டியபின் மறுபடி தள்ளாடத் தொடங்கியவருக்கு.

அந்தக் கட்டி பெரும்பாலும் எட்டாவது மூளை நரம்பின் சமநிலைக் கிளையில்தான் முளைக்கிறது. அதை எடுக்கும்போது அந்தப் பக்கத்துச் சமநிலை உணர்வும் பொதுவாகப் போய்விடும், திரும்பி வராது. பிறகும் ஆள் நேராக நடக்கிறார் என்றால், மறுபக்க உட்செவி, கண், பாதத்திலும் கணுக்காலிலும் இருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றையும் வைத்து மூளை சமாளிக்கப் பழகிவிட்டது என்று அர்த்தம். வயதாக ஆக இந்த மூன்றுமே தேய்கின்றன. நல்ல காதின் உட்செவியிலும் உணர்செல்கள் குறைகின்றன, கண்ணில் புரை வளர்கிறது, சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போகிறது. இரண்டு காதும் வேலை செய்பவர் இந்தத் தேய்மானத்தைத் தாங்கிக்கொள்வார். ஒற்றைக் காதை நம்பி நிற்பவருக்குச் சீக்கிரமே கால் பின்னும். அதனால் தள்ளாட்டம் வந்ததுமே கட்டி திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நல்ல காதில் கேட்பது குறைந்தாலோ, முகம் மரத்தாலோ, தலைவலியோடு திடீரென்று தள்ளாடினாலோ, பேட் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஃபோம் மேல் நிற்கும்போது பாதம் அனுப்பும் தகவலை மூளை நம்ப முடியாது. கண்ணையும் மூடிவிட்டால் மீதி இருப்பது உட்செவி மட்டும்தான். கிளினிக்கில் செய்யும் பேலன்ஸ் சோதனையின் கடைசிக் கட்டம் இதுவே: ஃபோம் மேல், கண் மூடி, 30 விநாடி. சொம்பில் தண்ணீர் மொண்டு தலைக்கு ஊற்றும்போது கண் தானாக மூடிக்கொள்கிறதே, காலடியில் ஈரத் தரை வேறு, அந்த நொடிக்கான ஒத்திகைதான் இது. இந்த ஒரு காரணத்துக்காகவே பேடுக்கு என் ஓட்டு.

அறையின் மூலையில், இரண்டு சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். முதுகு மூலையைப் பார்க்கட்டும். முன்னால் ஒரு கனமான நாற்காலி, அதன் முதுகு உங்கள் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலி ஆகாது. செருப்பில்லாமல், பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து 30 விநாடி நில்லுங்கள். இப்படி மூன்று முறை. விரல்களைக் கவனியுங்கள்: ஃபோமைப் பிறாண்டிப் பிடித்திருக்கும், கணுக்கால் இடமும் வலமும் துடித்துக்கொண்டிருக்கும். விரல் தளர்ந்து, துடிப்பு அடங்கியபின்தான் அடுத்த படி. பாதங்களைச் சேர்த்து வைப்பது, பிறகு தலையை மெதுவாக இடம் வலம் திருப்புவது, கண்ணை மூடுவது கடைசியில். கண் மூடும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுவும் ஆபரேஷன் ஆன பக்கத்தில். பெரும்பாலும் உடம்பு சாய்வது அந்தப் பக்கம்தான்.

அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகளின் 2022 வழிகாட்டி, ஒருபக்கச் சமநிலை இழப்பு நாள்பட்டுப் போனவர்களுக்குத் தினம் 20 நிமிடம் பேலன்ஸ் பயிற்சியை நாலு முதல் ஆறு வாரம் செய்யச் சொல்கிறது. பார்வையை ஓர் எழுத்தில் நிறுத்தித் தலையை மட்டும் ஆட்டும் பயிற்சி தனி, அதற்குப் பேட் தேவையில்லை. 20 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். களைத்த கால் தப்பாகத்தான் பழகும்.

மலிவு பேட்களின் குறை இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, ஃபோம் செத்துப்போவது. எடை கூடியவர் நின்றால் சில வாரத்தில் குதிகால் பள்ளம் விழுந்து, தரை தட்டுப்படும். தட்டினால் பாதத்துக்கு மறுபடி தகவல் கிடைத்துவிடுகிறது, அப்புறம் அது வெறும் மெத்தைத் துண்டு. வாங்கிய அன்றே ஒற்றைக் காலின் குதிகாலில் முழு எடையையும் வைத்துப் பாருங்கள் (சுவரைப் பிடித்துக்கொண்டுதான்). தரை தட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு, வழுவழு டைல்ஸில் நகர்வது. மிதியடி மேல் போட்டால் இன்னும் மோசம், மிதியடியோடு சேர்ந்து வழுக்கும். யோகா மேட்டில் ஒரு துண்டு வெட்டி அடியில் விரித்தால் நிற்கும். ஏர்எக்ஸில் ஃபோமின் நுண்ணறைகள் மூடியவை. வியர்வையைக் குடிக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். விலை உறுத்தும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். காற்றடைத்த வட்டத் தட்டு வேண்டவே வேண்டாம். அது எல்லாப் பக்கமும் உருளும், இந்த வயதில் ஆபத்து. சோபா குஷனும் அப்படித்தான்.

பாதம் மரத்தவர்கள் இதை வாங்காதீர்கள். பாதத்தின் பேச்சைக் குறைப்பதுதான் பேடின் வேலை, ஏற்கெனவே பேசாத பாதத்தில் அதற்கு வேலையில்லை. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று டாக்டர் மெல்லிய நைலான் இழையால் தொட்டே சொல்லிவிடுவார். இரண்டு காதிலும் சமநிலை போனவருக்கும் ஃபோமில் கண் மூடி நிற்கும் பயிற்சி கூடாது, விழத்தான் செய்வார். இவர்கள் அந்தப் பணத்தைக் குளியலறைக் கைப்பிடிக்கும், கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை எரியும் இரவு விளக்குக்கும், ரப்பர் தேயாத கைத்தடிக்கும் செலவிடலாம்.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே பேடில் ஏறுகிறவர்கள் உண்டு. அவை சமநிலைச் சமிக்ஞையை அமுக்குபவை, மூளை பழகவிடாது. முதியவர்களுக்கு நாள்பட்டுக் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பேடில் நிற்கும்போது வெள்ளெழுத்துக்கான இரட்டைக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். கீழே பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும்.

பயிற்சி முடிந்ததும் பேடைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். இருட்டில் எழுந்து போகிறவரைத் தடுக்கிவிட அந்த 6 சென்டிமீட்டர் உயரமே போதும்.