வீட்டுப் பராமரிப்புக்கு ஆலிவ் எண்ணெய்: எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும்?

மேசையைப் பளபளப்பாக்க, கதவுக் கீலின் சத்தத்தை அடக்க, ஸ்டிக்கர் பசையை எடுக்க, தோல் பையை மெருகேற்ற என்று எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெயைச் சொல்லும் குறிப்புகள் எக்கச்சக்கம். சில வேலைகளில் அது உண்மையிலேயே அருமையாக உழைக்கும். வேறு சிலவற்றில் முதல் நாள் நன்றாக இருந்து, சில மாதங்களில் பொருளையே பாழாக்கிவிடும். எது எந்த வகை என்று பிரிக்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: வேலை முடிந்ததும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடப் போகிறோமா, அது அங்கேயே தங்கப் போகிறதா? கழுவப் போகிறோம் என்றால் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக எடுக்கலாம். தங்கப் போகிறது என்றால் அநேகமாக எல்லா வேலைக்கும் அதைவிட நல்ல மாற்று உண்டு.

காரணம் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டதும் மெல்ல இறுகி, கெட்டியான படலமாகிவிடும். பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயில் இறுகாது, கெடாது, போட்ட இடத்தில் அப்படியே இருக்கும். ஆலிவ் எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண்ணெய். ஆக்சிஜனோடு எண்ணெய் எவ்வளவு சேரக்கூடும் என்பதை அயோடின் எண் என்ற அளவை வைத்துக் கணிப்பார்கள். ஆளிவிதைக்கு அது 170க்கு மேல். ஆலிவுக்கு ஏறத்தாழ 75 முதல் 94. படலமாகக் காய அது போதாது, கெடாமல் இருக்க அது அதிகம். அதனால்தான் நாள்பட நாள்பட பிசுபிசுத்து, சிக்கு வாடை அடிக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்த எண் 10ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அது கெட இன்னும் நாளாகும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும்.

மரச் சாமான்களில்தான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். முதலில், உங்கள் மேசை வார்னிஷ் அடித்ததா, வெறும் மரமா என்று பாருங்கள். ஒதுக்கான ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் வெறும் மரம். பூச்சு இருந்தால் எந்த எண்ணெயும் உள்ளே போகாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்த்தால் வரும் பளபளப்பு, நுண்ணிய கீறல்களில் எண்ணெய் நிரம்புவதால் வருவது. மரத்துக்கு ஊட்டம் என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. அந்தப் படலத்தில் தூசி ஒட்டும், விரல் வைத்தால் தடம் விழும். அங்கே லேசாக ஈரம் காட்டிய துணியும், வருடத்துக்கு ஓரிரு முறை தேன்மெழுகு பாலிஷும் எவ்வளவோ மேல்.

வெறும் மரத்தில் விஷயம் இன்னும் மோசம். காய் நறுக்கும் பலகைக்கும் மரக் கரண்டிக்கும் ஆலிவ் எண்ணெய் தடவினால் அது உள்ளே இறங்கி, அங்கேயே காறிப் போகும். பிறகு எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வாடை லேசில் போகாது. இதற்கு உணவுத் தர மினரல் ஆயில்தான் என் தேர்வு. பலகையை நன்றாகக் காயவைத்து, தாராளமாகத் தடவி, ஒரு இரவு ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் சரி. கூடவே கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்துக்கொண்டால் தண்ணீர் இறங்குவது இன்னும் குறையும்.

ஆளிவிதை எண்ணெய் இதைவிட உறுதியான பூச்சு தரும், ஆனால் பொறுமை வேண்டும். பச்சை எண்ணெய் காயப் பல நாள் ஆகும். கொதிக்கவைத்தது என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலும் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், உணவு படும் பொருளுக்கு அது வேண்டாம். அப்புறம் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போடவே கூடாது. எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

ஸ்டிக்கர் பசை ஆலிவ் எண்ணெயின் சொந்த மைதானம். புதுக் கண்ணாடி ஜாடியின் லேபிளை உரித்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் நிற்குமே, அதன் மேல் பஞ்சால் எண்ணெய் ஒற்றி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பசை நெகிழ்ந்து, விரலால் தள்ளினாலே சுருண்டு சுருண்டு வரும். கடைசியில் பாத்திர சோப்பு போட்டுக் கழுவினால் வேலை முடிந்தது. நெயில் பாலிஷ் ரிமூவர் இதைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள அசிட்டோன் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், வார்னிஷையும் உரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடம் விடாமல் ஆவியாகிவிடும் என்பதால் மின்சாதனங்களுக்கு அதுதான் சரி. புத்தக அட்டை, துணி, வெறும் மரம் ஆகியவற்றில் மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம், கறை தங்கிவிடும். கையில் ஒட்டிய ஆயில் பெயிண்டுக்கும் மரப்பிசினுக்கும் இதே வழிதான்: முதலில் எண்ணெய், பிறகு சோப்பு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரிட்ஜ் கதவின் கைரேகைக்கு ஆலிவும் மினரல் ஆயிலும் கிட்டத்தட்ட சமம். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்த பிறகு, துணியில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் எடுத்து, உலோகத்தின் வரி போகும் திசையில் தேய்க்கவும். அடுத்த முறை பழைய படலத்தைக் கழுவிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். அடுப்பை ஒட்டிய பரப்புகளில் இதைச் செய்யாதீர்கள். சூட்டில் எண்ணெய் பழுப்பேறி இறுகிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கிறீச்சிடும் கீலில் ஆலிவ் எண்ணெய் விட்டால் சத்தம் உடனே நிற்கும். ஆனால் சில மாதங்களில் அதுவும் தூசியும் சேர்ந்து பசையாகி, கீல் முன்பைவிட இறுகிப்போகலாம். பலர் அடுத்து எடுப்பது டபிள்யூடி-40. 1953இல் சான் டியேகோவில் உருவான இது, ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்கான கலவை. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் சூத்திரம் கைகூடியதைக் குறிக்கிறது. இறுகிப்போன கீலை இளக்க அது பிரமாதம். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம்தான். அதனால் அழுக்கைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெயோ கிரீஸோ போடுவதுதான் நீடிக்கும். பூட்டுத் துளைக்குள் சமையல் எண்ணெய் எதுவும் கூடாது, கிராஃபைட் பொடி போடுங்கள்.

தோலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆலிவ் எண்ணெய் தோலைத் திட்டுத் திட்டாகக் கறுக்கவைக்கும், உள்ளேயே காறும். தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனரை வாங்கிவிடுங்கள்.

அழுக்கு நீக்குவதில் ஆலிவ் எண்ணெயின் முழுத் திறமையும் வெளிப்படுவது அது சோப்பாக மாறிய பிறகுதான். சிரியாவின் அலெப்போ, ஸ்பெயினின் காஸ்தீல், பிரான்சின் மார்செய் சோப்புகள் எல்லாமே ஆலிவ் எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் செய்யும் மரபு. மார்செயில் வேறு கொழுப்பு எதையும் கலக்கக் கூடாது என்று பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சியில் 1688இல் சட்டமே போட்டார்கள். தரைக்கும் குளியலறை ஓடுகளுக்கும் இதன் திரவ வடிவம் நல்லது. எண்ணெயாக ஊற்றினால் வழுக்கித்தான் விழுவோம். கடின நீரில் மட்டும் வெள்ளைப் படிவு விடும், அந்தத் தண்ணீருக்கு டிடர்ஜென்ட்தான் பொருந்தும். அழுக்கு இன்னும் நன்றாகப் போகட்டும் என்று சோப்புக் கரைசலில் வினிகரைக் கலப்பவர்கள் உண்டு. அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து, மறுபடி கொழுப்பு அமிலமாகித் திரிந்து மிதக்கும். அதைத் தரையில் தேய்த்தால் பிசுக்கைப் பூசுகிறோம் என்று அர்த்தம். முதலில் சோப்பால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, அதன் பிறகு வினிகரை எடுங்கள்.