வடத்தால் மூடும் கிராப், எண்ணெயால் மூடும் கிராப்: நம் யார்டுக்கு எது?

ராணிப்பேட்டையிலும் காட்பாடியிலும் மணல், நிலக்கரி, பழைய இரும்பு ஆகியவற்றை அள்ளி ஏற்றும் யார்டுக்காரர்கள் கிராப் பக்கெட் (தாடைபோல் திறந்து மூடிப் பொருளைக் கவ்வி அள்ளும் வாளி) வாங்கப் போகும்போது, கொள்ளளவையும் விலையையும்தான் முதலில் கேட்கிறார்கள். அதன் தாடையை மூடும் விசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

கம்பிவட கிராப்பில் ஒரு வடம் பக்கெட்டைத் தாங்குகிறது. மற்றொன்று கப்பிகளின் வழியே ஓடித் தாடைகளை இழுத்து மூடுகிறது. குவியலுக்குள் அதை இறக்குவது அதன் சொந்த எடை மட்டுமே. மூடும் வடத்தின் இழுப்பு பக்கெட்டைச் சற்று மேலே தூக்கவும் செய்வதால், மழையில் நனைந்து இறுகிப்போன குவியலில் அது ஆழமாகக் கடிக்காமல் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும்.

ஹைட்ராலிக் கிராப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பம்ப் அனுப்பும் எண்ணெய் சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ள, அந்த விசை தாடைகளை நேராக மூடுகிறது. தூக்கும் வேலைக்கும் மூடும் வேலைக்கும் தொடர்பே இல்லை. எக்ஸ்கவேட்டரில் பொருத்தினால் அழுத்தம் ஏறத்தாழ 300 பார் வரை கிடைப்பதோடு, இயந்திரத்தின் கையே பக்கெட்டைக் குவியலுக்குள் அழுத்தியும் கொடுக்கும். சிலிண்டரிலேயே பூட்டு வால்வு அமைந்த கிராப்பை மட்டுமே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஹோஸ் வெடித்தாலும் எண்ணெய் வெளியேறாமல் தாடை மூடியபடியே நிற்கும். கீழே ஆட்கள் நடமாடும் இடத்தில் இது உயிர் சார்ந்த விஷயம்.

ஆனாலும் வடத்தை ஒதுக்கிவிட முடியாது. கப்பலின் ஆழமான அறைக்குள் இறங்கி நாள் முழுவதும் அள்ளும் துறைமுகக் கிரேனுக்கு, நீண்ட ஹோஸ் தேவைப்படாத வட கிராப் இன்றும் பொருத்தமானது. வடம் தேய்ந்தால் இழைகள் பிரிந்து கண்ணுக்குத் தெரியும்; ஹைட்ராலிக்கில் உள்கசிவு, அதாவது உள்ளுக்குள்ளேயே எண்ணெய் கசிவது, அப்படிக் காட்டிக்கொடுக்காது. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போனால் உள்கசிவு கூடி, தாடையின் வேகம் தளரும். தூசி புகுந்தால் சீல்கள் கெடும். கோடைக்கேற்ற கெட்டித்தன்மையுள்ள எண்ணெயையும் உரிய காலத்தில் ஃபில்டர் மாற்றுவதையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்க்காதவர் ஹைட்ராலிக் வாங்க வேண்டாம்.

தாடையின் வடிவத்தைப் பொருள்தான் முடிவு செய்கிறது. மணலுக்கும் நிலக்கரிக்கும் சிந்தாமல் மூடும் இரட்டைத் தாடை. ஒழுங்கற்ற இரும்புத் துண்டுகளுக்கு ஐந்தாறு நகங்கள் தனித்தனிச் சிலிண்டரில் இயங்கும் கிராப். கொள்ளளவைக் கேட்க வேண்டிய இடம் இதுதான்: ஒரு கனமீட்டர் உலர்மணல் ஏறத்தாழ 1.6 டன், நிலக்கரியோ அதில் பாதியளவே. நிலக்கரிக்காக வாங்கிய 2 கனமீட்டர் பக்கெட்டில் மணலை நிரப்பினால் உள்ளிருக்கும் சுமையே 3 டன்னைத் தாண்டிவிடும். கிரேனின் சுமை அட்டவணையில் பக்கெட்டின் சொந்த எடையையும் அதனுடன் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.